பண்ணையார் போனார், கிளையண்ட் வந்தார்

நம்ம பிள்ளைகளுக்குப் புதுசா ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது: 'ஃப்ரீலான்சர்'. இராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் சேத்தூர், தேவதானம் என்று காலனி காலனியாகப் போய்ப் பாருங்கள். பி.காம். முடித்துவிட்டு சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் போட்டுத் தருகிறவன், கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன், ஃபிளெக்ஸ் டிசைனர், வயரிங் வேலை பார்க்கிற ஐ.டி.ஐ. பையன், கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன், வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிற தங்கச்சி, மேள செட் வைத்திருக்கிற அண்ணன். இவர்கள் யாருக்கும் முதலாளி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது. ஆள் பிடிக்கணும், வேலை பிடிக்கணும், முடிச்சுக் கொடுக்கணும், அப்புறம் துட்டுக்கு அலையணும்.

"எவங்கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாம்ல, அது போதும்ணே" என்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். அந்த ஆசையைக் கேலி செய்ய எவனுக்கும் யோக்கியதை இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கை கட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் கையை அவிழ்த்துக்கொள்ள நினைக்கிறார்கள். ஆனால் கை அவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1991க்குப் பிறகு அரசு வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. தனியார் துறைக்குள் இட ஒதுக்கீடு நுழையவே இல்லை. மில் வாசலில் போய் நின்றால் கான்ட்ராக்ட் ஆள். இந்த மூன்று கதவையும் சாத்திவிட்டு, தெருவில் நிற்கிறவனைப் பார்த்து 'நீ சுதந்திரத் தொழிலாளி' என்று சொல்கிறார்கள். 'ஃப்ரீலான்ஸ்' என்ற சொல்லுக்கே வேர் அதுதான். எந்தப் பிரபுவுக்கும் சொந்தமில்லாமல் காசு கொடுக்கிறவனுக்காக ஈட்டி பிடித்த கூலிப் படையாள். ஈட்டி பிடித்தவனிடமாவது கையில் ஈட்டி இருந்தது.

வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கையாள்வது என்று சொல்லித் தருவதற்கு இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சாறு பிழிந்தால் மூன்றுதான் தேறும். ஒன்று, தெரிந்தவர்கள் மூலமாகப் போ. இரண்டு, கிளையண்டோடு நீண்ட கால உறவை வளர்த்துக்கொள். மூன்று, வாடிக்கையாளர் மனம் கோணாமல் நட. கடைக்குக் கடை ஒரு பலகை தொங்குகிறது பாருங்கள், வாடிக்கையாளர்தான் நம்மிடம் வருகிற மிக முக்கியமான விருந்தாளி என்று காந்தி சொன்னதாக. அவர் சொன்னாரா இல்லையா என்பது கிடக்கட்டும். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் சாதி உள்ளவன். அவனுக்குத் தெரிந்தவர்கள் என்றால் மாமன், மச்சான், சங்கத்துத் தலைவர், பேங்க் மேனேஜர். அவனுக்கு உறவு என்றால் கொடுக்கல் வாங்கல். அவன் மனம் கோணாமல் நடந்தால் அதற்குப் பெயர் மரியாதை. இந்த மூன்றையும் அப்படியே தூக்கி ஒரு தலித் பையன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் என்றால் அவன் தெருவில் இருக்கிற அவனைப் போன்றவர்கள். நீண்ட கால உறவு என்றால் அவன் தாத்தாவுக்கு ஊரோடு இருந்ததே, அந்த உறவு. மனம் கோணாமல் நடப்பது என்றால் துண்டை இடுப்பில் கட்டுவது!

நம்ம தாத்தனுக்குக் கிளையண்ட் பஞ்சமே இருந்ததில்லை தோழர்களே. ஊரே கிளையண்ட். செத்தால் சேதி சொல்ல, பறை அடிக்க, குழி வெட்ட, மாடு செத்தால் இழுக்க, களத்தில் காவல் கிடக்க என்று வேலை நிச்சயம். மார்க்கெட்டிங் தேவையில்லை, கூப்பிட்டு விடுவார்கள். கூலியும் நிச்சயம்: அறுப்புக்கு இத்தனை மரக்கால், பொங்கலுக்குப் பழைய துணி, சாவுக்கு ஒரு வேட்டி. இந்த ஏற்பாட்டில் இல்லாதவை இரண்டே இரண்டு. 'வர முடியாது' என்று சொல்ல முடியாது. 'இவ்வளவு கொடு' என்று கேட்க முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 'வெட்டி' என்றொரு சொல் வருகிறது. கூலி இல்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலை. கோயிலுக்கு இறையிலியாக விட்ட நிலத்துக்கு 'தேவதானம்' என்று பெயர் வைத்ததும் அந்தக் காலம்தான். சாமிக்குத் தானமாக நிலம் போனது, அந்த நிலத்தில் உழைத்தவனுக்கு வெட்டி வந்து சேர்ந்தது. இன்றைக்கும் நம் பேச்சில் 'வெட்டிப் பய' என்றால் வேலை செய்யாதவன் என்று அர்த்தம்! கூலி இல்லாமல் முதுகொடிய வேலை செய்தவனின் பெயரைச் சோம்பேறிக்கு வைத்த மொழி இது.

இந்த ஏற்பாடு தானாகக் கரைந்துபோகும் என்று நம்பியவர்களுக்கு 1930, 1931ஐ நினைவுபடுத்த வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி, 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்க நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்காதே, குடை பிடிக்காதே என்று போகிற பட்டியல். 1931இல் அது பதினொன்றாக வளர்ந்தது. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அந்தப் பதினொன்றை உடுப்பு, நகை பற்றிய அடக்குமுறையாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். இன்னொரு தடவை படியுங்கள். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை மிராசுதாரிடம் வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாருக்கே அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். கல்யாணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது. நேரத்தை அவன் முடிவு செய்கிறான், ரேட்டை அவன் முடிவு செய்கிறான், வேறு பிழைப்புக்கான வழியை அடைக்கிறான், நாம் வேறொருவரைக் காசு கொடுத்துக் கூப்பிடுவதையும் தடுக்கிறான். வேலை வாங்குகிறவன் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பச்சையான ஆவணம் வேண்டுமா?

மராட்டியத்தில் இதே வெட்டிக்குப் பெயர் 'வதன்'. மகர்கள் அரசாங்கத்துக்கும் ஊருக்கும் இராப்பகலாக ஓட வேண்டும், பதிலுக்கு ஒரு துண்டு நிலம், வீட்டுக்கு வீடு தவசம். அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். ஊருக்குச் செய்யும் வேலைக்குக் காசாகக் கொடு, வேண்டாம் என்கிறவனைப் போக விடு என்பதுதான் அதன் சாரம். அன்று அது நடக்கவில்லை. பம்பாய் மாநிலத்தில் அந்த வதன் முறையை ஒழிக்கிற சட்டம் 1958இல் வந்தபோது அம்பேத்கர் உயிரோடு இல்லை.

அம்பேத்கரைச் சட்ட மேதை என்று கொண்டாடுகிறோம், சிலை வைக்கிறோம். அவர் கிளையண்ட் தேடி அலைந்த கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

1917இல் பரோடா வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்புகிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்த மனுசன். தனி டியூசன் எடுத்துப் பார்க்கிறார். பங்குச் சந்தையில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற தொழில் ஒன்றைத் தொடங்குகிறார். இன்றைய பேச்சில் சொன்னால் கன்சல்டன்ட். ஆள் வந்தது. ஆலோசனை சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருகிற ஆள் நின்றுபோனது, தொழிலை மூடினார். அவர் சொன்ன ஆலோசனையில் எவனும் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொன்ன வாய்தான் தீட்டு.

1923இல் பாரிஸ்டராகப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காட வருகிறார். பாரிஸ்டருக்கு வழக்கு கட்சிக்காரரிடமிருந்து நேராக வராது, சொலிசிட்டர்கள் மூலமாக வரவேண்டும். சொலிசிட்டர்களோ இவரோடு புழங்கத் தயாராக இல்லை. இன்று 'நெட்வொர்க்' என்று பயபக்தியோடு உச்சரிக்கிறார்களே, அது அன்றைக்கு எப்படி வேலை செய்தது பாருங்கள். நடுவில் நிற்கிற பத்துப் பேர் கதவைச் சாத்தினால் போதும், வெளியே இருக்கிற ஆயிரம் கட்சிக்காரர்களுக்கு உன் பெயரே தெரியாது. அம்பேத்கர் என்ன செய்தார்? அந்தக் கதவையே தட்டிக்கொண்டு நிற்கவில்லை. வெளியூர்க் கோர்ட்டுகளில் ஏழைகளின் வழக்குகளை எடுத்தார். 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் நடத்தினார். அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிந்ததால் எந்தக் கட்சிக்காரனும் அவர் குரல்வளையைப் பிடிக்க முடியவில்லை. 1926இல் புனேயைச் சேர்ந்த பார்ப்பனரல்லாத இயக்கத்தார் மீது பார்ப்பனர்கள் போட்ட அவதூறு வழக்கில் ஆஜராகி வென்றார். அதன் பிறகுதான் வக்கீலாக அவர் பெயர் வெளியே பரவியது. கடைசியில் அவருக்குக் கிளையண்டைக் கொண்டுவந்து சேர்த்தது சொலிசிட்டர் அல்ல, சாதி எதிர்ப்பு இயக்கம்.

காசு கொடுக்கிற இடத்தில் இருந்தால் சாதி மறந்துபோகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதற்கும் அம்பேத்கரிடமே பதில் இருக்கிறது. 1901இல் சிறுவனாக, அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகும்போது மசூர் ஸ்டேசனில் இறங்குகிறார்கள். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் ஒருவன் இரண்டு மடங்கு வாடகைக்குச் சம்மதித்தான். அதுவும் எப்படி? பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான்! 1929இல், பம்பாய் அரசு போட்ட விசாரணைக் குழுவின் உறுப்பினராகச் சாலிஸ்காவ் போனபோதும் குதிரை வண்டிக்காரன் வர மறுத்தான். ஊர் மகர்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு அம்பேத்கருக்கு எலும்பு முறிந்தது. வேலை கொடுக்கிறவனாக இருந்தாலும் வேலை செய்கிறவனாக இருந்தாலும் நட்டம் ஒரே ஆளுக்குத்தான். அந்த வண்டிக்காரன் ஏழை. அம்பேத்கரிடம் பட்டமும் பதவியும் காசும் இருந்தன. 'எல்லாம் பொருளாதாரம்தான்' என்று பாடம் நடத்துகிற தோழர்கள் இந்தக் குதிரை வண்டியில் கொஞ்ச தூரம் ஏறி வரவேண்டும்.

இது மராட்டியக் கதை, பழைய கதை, இங்கே பெரியார் பிறந்த மண் என்பார்கள். சரி, இங்கேயே வருவோம். வடக்கே பேருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களில் தலித் குடும்பப் பெயரும் முஸ்லிம் பெயரும் இருந்தால் கூப்பிடுவது குறைகிறது என்று சுக்தேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் நிரூபித்துக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் பேருக்கு முன்னால் இனிசியல்தான். அதனால் இங்கே கேள்வி வேறு மாதிரி வரும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"தேவதானம், அண்ணாச்சி."

"தேவதானத்துல எந்தப் பக்கம்?"

முடிந்தது. இந்த 'எந்தப் பக்கம்' என்கிற இரண்டு வார்த்தைதான் தமிழ்நாட்டின் குடும்பப் பெயர். பதில் சொல்லாமல் இழுத்தால் "அங்கன நம்ம இன்னார் இருக்காருல்ல, தெரியுமா?" என்று அடுத்த தூண்டில் விழும். எந்த வகுப்பிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரமாட்டார்கள். 'காலனி' என்கிற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம்தான். பில்லில் போடுகிற முகவரியிலிருந்து அந்தச் சொல் போகும். பில்லை வாங்குகிறவன் மனசில் இருக்கிற வரைபடத்தை எந்த அரசாணை திருத்தும்?

பக்கம் தெரிந்த பிறகும் வேலை கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஏன் கொடுக்கிறார்கள் என்பதுதான் விசயம். அதே வயரிங்குக்கு வேறொருவன் கேட்பதில் முக்கால்வாசிக்கு இவன் செய்வான் என்ற நம்பிக்கை. அட்வான்ஸ் கேட்கமாட்டான். நாலு தடவை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டான். வேலை முடிந்ததும் "அடுத்த வாரம் வாப்பா", "தேருக்கு அப்புறம் பாப்போம்", "நீ நம்ம பையன்தானே!" இந்த 'நம்ம பையன்' இருக்கிறதே, பண்ணையார் காலத்து மிச்சம் அது. சாதிக்காரப் பையனைச் சொன்னால் அதற்கு உரிமை என்று பொருள், நம்மைச் சொன்னால் உடைமை என்று பொருள். அவன் பையனுக்குப் பில் பாஸாகிறது, நம்ம பையனுக்கு டீ வருகிறது, அதுவும் எந்தத் தம்ளரில் என்பதைப் பொறுத்து.

தேவதானத்துக் கோயில் சாமிக்குப் பெயரே நச்சாடை தவிர்த்தருளியவர். சோழன் பாண்டியனுக்கு விசம் தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினான், சாமி காப்பாற்றினார் என்பது கோயில் கதை. ராசாவுக்கு வந்த நச்சாடையைத் தடுக்கச் சாமி ஓடி வந்தது. நம்ம தோளில் ஊர் போட்டுவிட்ட 'நம்ம பையன்' என்கிற ஆடையை நாமேதான் கழற்றிப் போட வேண்டும்.

மேள செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பறை இன்றைக்கு மேடை ஏறிவிட்டது. கல்லூரி விழா, கட்சி மாநாடு, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் எல்லாவற்றிலும் பறை. மேடைக்கு அட்வான்ஸ் உண்டு, வண்டி வாடகை உண்டு, கழுத்தில் துண்டு போடுவார்கள். அதே பறையை அதே ஆள் ஊரில் சாவுக்கு அடித்தால்? இராத்திரி ஒரு மணிக்கு ஆள் வரும், பேரம் பேச முடியாது, காலையில் சில்லறையும் சரக்கும். அடிக்கிற கை ஒன்று, தோல் ஒன்று, தாளம் ஒன்று. விலை மட்டும் இரண்டு. ஏனென்றால் மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம், சாவுக்குச் சொல்ல முடியாது. விலையை முடிவு செய்வது திறமையோ சந்தையோ இல்லை, மறுக்கிற உரிமைதான். பறையைக் கலை என்பதா, இழிவு என்பதா என்று பக்கம் பக்கமாக விவாதித்தோம். மறுக்கிற உரிமையோடு அடித்தால் அது கலை, அந்த உரிமை இல்லாமல் அடித்தால் அது வெட்டி. டிசைனுக்கும் வயரிங்குக்கும் தையலுக்கும் இதேதான் கணக்கு.

இனி என்ன செய்வது? 'வன்கொடுமை' என்றால் வெட்டு, குத்து என்று மட்டும் நினைக்கிறவர்கள் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பொருளாதாரப் புறக்கணிப்பு இப்போது குற்றம். தொழில் உறவு வைக்க மறுப்பது, சேவை செய்து காசு வாங்குகிற ஒப்பந்த வாய்ப்பை மறுப்பது, வழக்கமாக எல்லோருக்கும் உள்ள நிபந்தனைகளில் தொழில் செய்ய மறுப்பது எல்லாம் அதன் விளக்கத்துக்குள் வருகின்றன. ஒரு ஊர் கூடி 'இந்தத் தெருக்காரனுக்கு வேலை கொடுக்காதே' என்று கட்டுப்பாடு போட்டால் இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் தனித்தனியாக ஒவ்வொருவனும் "வேற ஆளுக்குக் குடுத்துட்டோம் தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எந்தப் போலீஸ் ஸ்டேசனில் எழுதுவது? அங்கே சட்டத்தை நம்பி மட்டும் பிரயோசனமில்லை.

துட்டு வராத விசயத்தில் சட்டத்துக்குக் கொஞ்சம் பல் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர் எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. மாநில அரசு அமைத்திருக்கிற மன்றத்தில் முறையிடலாம். இதற்கு 'உதயம்' பதிவு வேண்டும். அதற்குக் காசு கிடையாது, ஆதாரும் பான் கார்டும் போதும், ஒற்றை ஆளும் பதிவு செய்துகொள்ளலாம். வேலைக்கு முன்னாலேயே பதிந்து வைக்க வேண்டும், துட்டு நின்ற பிறகு ஓடினால் கதவு திறக்காது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 சதவீதம் தலித், பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்கவேண்டும் என்று 2012இலிருந்து கொள்முதல் கொள்கை இருக்கிறது. கேட்டு நிற்க ஆள் இல்லாவிட்டால் அதுவும் காகிதத்தில்தான் கிடக்கும்.

வேலைக்குப் போகும்போதே பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். என்ன வேலை, எத்தனை நாள், எத்தனை தடவை மாற்றித் தருவேன், மொத்தம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. இதை வாட்ஸ்அப்பில் எழுதி, 'சரி' என்ற பதில் வாங்கிய பிறகு வேலையைத் தொடங்கு. "என்னப்பா, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பான். நம்பிக்கையின் பேரில்தான் நம்ம தாத்தன் மரக்கால் நெல்லுக்கு ஆயுசைக் கொடுத்தான். எழுத்தைக் கண்டு பயப்படுகிறவன் ஏமாற்றத் திட்டம் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஒரே கிளையண்டிடமிருந்து பாதி வருமானத்துக்கு மேல் வந்தால் எச்சரிக்கையாக இரு, அவன் பண்ணையாராகிக்கொண்டிருக்கிறான். வெளிநாட்டுக் கிளையண்ட் 'எந்தப் பக்கம்' என்று கேட்கமாட்டான் என்று ஃபைவர் மாதிரி தளங்களுக்குப் போகிறார்கள். போகட்டும், அது ஒரு ஜன்னல். ஆனால் ஃபைவர் சம்பாத்தியத்தில் 20 சதவீதத்தைத் தரகாகப் பிடித்துக்கொள்கிறது, எவனோ கொடுக்கிற நட்சத்திரம் குறைந்தால் உன் கடை இருட்டு. அங்கேயும் ஒரே வாசலை நம்பாதே.

கிளையண்டுக்காக முகவரியை மறைக்கிறவர்களைச் சிலர் திட்டுகிறார்கள். இராஜபாளையத்து நண்பன் கடை முகவரியைக் கார்டில் போட்டுக்கொள்கிற பையனைத் துரோகி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவனுக்கு அடுப்பு எரிய வேண்டும். ஆனால் மறைத்துப் பிழைக்கிறவன் ஒவ்வொரு நாளும் பயத்துக்கு வாடகை கட்டுகிறான். அந்த வாடகையைக் குறைப்பது தனி மனிதன் தைரியத்தால் நடக்காது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே ரேட் பட்டியல் போட்டால் நடக்கும். துட்டு தராத கிளையண்டின் பெயர் பத்துப் பேருக்கும் தெரிந்தால் நடக்கும். ஒருவன் மறுத்த வேலையை அடுத்தவன் பாதி விலைக்கு எடுக்காமல் இருந்தால் நடக்கும். இந்தக் கடைசி விசயத்தில்தான் நாம் தோற்கிறோம். காலனிக்குள்ளேயே ஒருத்தன் ரேட்டை ஒருத்தன் உடைக்கிறோம். பள்ளன், பறையன் என்று பிரிந்து நிற்கிறோம். அருந்ததியர் பையன் செட் சேர்த்துப் போனால் அவனிடம் நாமே 'எந்தப் பக்கம்' என்று கேட்கிறோம்! தங்கச்சி தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுக்குக் கூலி கேட்டால் "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல தச்சதுதானே" என்கிறோம். ஊர் நமக்குச் செய்வதை நாம் நம்மைவிட எளியவர்களுக்குச் செய்தால் ஊரை எதிர்க்க வாய் இருக்குமா?

இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 14 வந்தால் போஸ்டர், ஃபிளெக்ஸ், வீடியோ, மேளம் எல்லாம் வேண்டும். "தோழர், இயக்க வேலைதானே" என்று நள்ளிரவில் போன் போகிறது. அச்சகத்துக்காரனுக்குப் பணம் கொடுக்கிறார்கள், பந்தல்காரனுக்கும் மைக் செட்காரனுக்கும் கொடுக்கிறார்கள். டிசைன் போட்ட காலனிப் பையனுக்கு மட்டும் 'ஜெய் பீம்'. விரும்பித் தருகிற உழைப்பு வேறு, கேட்க முடியாததால் தருகிற உழைப்பு வேறு. கூலி கேட்டால் கொள்கைப் பிடிப்பில்லாதவன் என்று சந்தேகப்படுகிற தலைமைக்கும், கூலி கேட்டால் திமிர் பிடித்தவன் என்று சொன்ன பண்ணையாருக்கும் தூரம் ரொம்ப இல்லை. அம்பேத்கருக்கு இயக்கம்தான் கட்சிக்காரர்களைக் கொண்டுவந்து கொடுத்தது. இங்கே இயக்கம் துட்டு கொடுக்காத கட்சிக்காரனாக நிற்கிறது. வட்டாரத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: எந்தத் தோழர் என்ன தொழில் செய்கிறார், என்ன ரேட். நம்ம வீட்டுக் கல்யாணம், நம்ம தெருக் கட்டடம், நம்ம சங்கத்துக் கணக்கு முதலில் அங்கே போகட்டும், முழு விலைக்குப் போகட்டும். வெளிக் கிளையண்டிடம் நிமிர்ந்து பேசுகிற தெம்பு அப்போதுதான் வரும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. படித்து முடித்து வெளியே வரும்போது கையில் ஒரு தொழில் இருக்கும், வேலை இருக்குமோ இருக்காதோ. கிளையண்ட் முன்னால் உட்காரும்போது நாற்காலியில் முழுசாக உட்கார். 'ஐயா' வேண்டாம், 'சார்' போதும். அவன் உன்னை 'நீ' என்றால் அடுத்த வாக்கியத்திலேயே 'நீங்க' என்று பேச வை. எவ்வளவு ஆகும் என்று கேட்பான். "பாத்துக் குடுங்க" என்ற வார்த்தையை மட்டும் உன் வாயிலிருந்து எடுத்துவிடு. எத்தனையோ தலைமுறை அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஏமாந்தது. தலையைச் சொறியாமல் தொகையைச் சொல். கட்டாது என்றால் எழுந்து வா. எழுந்து வருகிறவனுக்கு அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய வேலை.